விண்ணப்பத்தில் பார்த்த பெயர்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை நம்மில் பலர் முதலில் பார்த்தது திருமண உதவி விண்ணப்பத்தில்தான். தாலியை மறுத்த சுயமரியாதை இயக்கத்துக்காரரின் பெயரில் தாலிக்குத் தங்கம்! 2022இல் அது மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியபோது தங்கமா படிப்பா என்று வாதிட்டோம். அவர் எழுதியதைப் படித்துவிட்டு வாதிட்டவர்கள் எத்தனை பேர்?

1936இல் வந்த அவருடைய நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. தலைப்பே உறுத்துகிறது. வலை விரிப்பவள் தாசி, மதி பெறுபவன் மைனர். சொத்தை இழக்கும் ஆண்மீது காட்டும் பரிவு, அந்த வீட்டில் பிறந்துவிட்ட பெண்மீது குறைவாகவே இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் இது வெளியிலிருந்து வந்த ஏளனம் அல்ல. அவரும் அந்தச் சமூகத்தில் வளர்ந்தவர். ஏமாற்றும் தந்திரங்களை, பெண்ணைத் தொழிலுக்குப் பழக்கும் விதத்தை உள்ளே இருந்தவராகப் போட்டு உடைக்கிறார்.

முத்துலட்சுமி ரெட்டியின் ஒழிப்பு முயற்சியை எதிர்த்துத் தேவதாசிகளே மனுக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால், இந்தக் கோபம் யாரை நோக்கியது என்பது புரியும். 1947இல் சட்டம் வந்தது. மனுக் கொடுத்தவர்கள் வீடு, மானியம், கலை பற்றிக் கேட்டதற்கு நாவலிலும் பதில் இல்லை.