பெலட்டானின் நினைவாற்றல்

சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் வீரரின் முதல் எதிரி சக போட்டியாளர் அல்லர், காற்று. பெர்ட் பிளாக்கன் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 121 வீரர்கள் நெருங்கி ஓட்டும் பெலட்டானின், அதாவது பந்தயத்தின் பெருங்கூட்டத்தின், உட்பகுதியில் பாதுகாப்பான இடத்தைப் பிடித்தவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனித்து ஓட்டுபவர் எதிர்கொள்வதில் 5 முதல் 10 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. முன்னால் செல்பவர் ஆற்றலை இழக்க, பின்னால் வருபவர் அதைச் சேமிக்கிறார் என்ற இந்த ஒரே உண்மையிலிருந்துதான் இவ்விளையாட்டின் நட்பும் பகையும் பேரமும் பிறக்கின்றன.

பெருங்கூட்டத்திலிருந்து ஐந்து பேர் பிரிந்து முன்னேறும்போது, அவர்கள் வெவ்வேறு அணியினராயினும் முறைவைத்து முன்னால் வந்து காற்றைத் தாங்கினால்தான் அனைவரும் தப்பிக்க முடியும். எனினும் தம் முறை வரும்போது ஒதுங்கிக்கொண்டு, இறுதி நூறு மீட்டரில் மட்டும் பாய்ந்து வெல்லும் ஆசை ஒவ்வொருவருக்கும் உண்டு. இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை, ஆனால் மற்றவர் ஒத்துழைக்கும்போது ஏமாற்றுபவருக்கு அதைவிடப் பெரிய நன்மை என்னும் இத்தகைய நிலையை ஆட்டக் கோட்பாட்டாளர்கள் கைதிகளின் இக்கட்டு என்பர். ஒரே முறை நடக்கும் ஆட்டத்தில் ஏமாற்றுவதே ஆதாயம். பெலட்டானில் அந்தக் கணக்கு தப்பாவதற்குக் காரணம், ஏறத்தாழ அதே வீரர்கள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை வாரந்தோறும் சந்தித்துக்கொள்வதும், யார் உழைத்தார், யார் ஒளிந்தார் என்பதை எவரும் மறவாதிருப்பதுமே ஆகும்.

அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980-இல் வெளியிட்ட கணினிப் போட்டியின் முடிவுகள் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தன. பல அறிஞர்கள் அனுப்பிய உத்திகளை ஒன்றோடொன்று மோதவிட்டபோது, அனட்டோல் ராப்போபோர்ட் அனுப்பிய ‘டிட் ஃபார் டாட்’ வென்றது. முதலில் ஒத்துழைத்து, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும் இந்த உத்திக்கு ஒரே ஒரு சுற்றின் நினைவு போதும். ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு: தவறுதலாக ஒருவர் ஒருமுறை பிசகினால், பழிக்குப் பழி என்று இருவரும் ஓயாமல் மோதிக்கொண்டிருப்பர். மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992-இல் காட்டியபடி, பிழைகள் மலிந்த சூழலில் பரிணாமத்தின் இறுதியில் நிலைபெறுவது, அவ்வப்போது மன்னித்துவிடும் தாராள வடிவமே. இங்கே பரிணாமம் என்பது மரபணு மாற்றத்தை மட்டும் குறிப்பதன்று; பலன் தரும் நடத்தையைப் பிறர் பார்த்துப் பின்பற்றுவதும், பலன் தராதது மெல்ல மறைவதும் அதில் அடங்கும்.

2010 டூர் டி பிரான்ஸின் 15-ஆம் கட்டம் இந்தக் குறையையும் அதற்கான மருந்தையும் ஒருங்கே காட்டியது. போர்ட் டி பாலே மலையேற்றத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை அணிந்திருந்த ஆண்டி ஷ்லெக்கின் சங்கிலி கழன்றபோது, ஆல்பெர்ட்டோ கான்டடோர் நிற்காமல் பாய்ந்து 39 விநாடிகள் ஈட்டி, முதலிடத்தையும் பறித்துக்கொண்டார். மேடையில் அவரைக் கூட்டம் சீட்டியடித்து இகழ்ந்தது. தாக்கியபோது பழுதைப் பற்றித் தமக்குத் தெரியாது என்ற அவரது விளக்கத்தை நம்புவதா என்பது வேறு கேள்வி. அன்றிரவே அவர் காணொளியில் மன்னிப்புக் கேட்டதும், இரண்டு கட்டங்கள் கழித்து டூர்மலே உச்சியில் ஷ்லெக்கை எதிர்த்துப் பாயாமல் கட்ட வெற்றியை அவருக்கே விட்டதும், சக வீரர்களின் நினைவுக்குச் செலுத்தப்பட்ட தவணைகளாகவே தோன்றுகின்றன. பாரிஸில் கான்டடோர் முன்னிலை பெற்றதும் அதே 39 விநாடிகளில்தான்; பின்னர் 2012-இல் தடைமருந்து வழக்கில் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குச் சென்றது.

நேரில் பட்ட அனுபவம் மட்டுமன்றி, பிறரிடமிருந்து அறிந்த செய்தியும் நினைவாகச் செயல்படுகிறது. ஒருவர் மூன்றாமவரிடம் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு அவரிடம் ஒத்துழைப்பதா எனத் தீர்மானிப்பதை மறைமுகக் கைம்மாறு என்பர். நற்பெயரின் பொருளாதார மதிப்பு இதுவே. சமூக வலைப்பின்னலின் வடிவமும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. ஒட்சுகியும் மூன்று சக ஆய்வாளர்களும் 2006-இல் வகுத்த எளிய விதிப்படி, ஒத்துழைப்பின் பலனுக்கும் செலவுக்கும் உள்ள விகிதம், ஒருவருக்குள்ள சராசரி அண்டையர் எண்ணிக்கையை விஞ்சினால் ஒத்துழைப்புத் தழைக்கும். ஐவர் குழுவில் ஒளிந்துகொள்பவர் உடனே அகப்படுவதும், நூற்றைம்பது பேர் கூட்டத்தில் துரத்தும் பொறுப்பை ஒவ்வோர் அணியும் அடுத்த அணியின் தலையில் கட்டப் பார்ப்பதும் அதே திசையையே காட்டுகின்றன. 2022 டூரின் ஹோட்டாகாம் கட்டத்தின் இறக்கத்தில் விழுந்த தடேய் போகாச்சாருக்காக யோனாஸ் விங்ககோ காத்திருந்ததும், போகாச்சார் கைகொடுத்து நன்றி கூறியதும், பின்னர் ஏற்றத்தில் அவரை விட்டுப் பிரிந்து விங்ககோ வென்றதும், ஒத்துழைப்பின் எல்லையைத் தெளிவாக வரைந்த அழகிய காட்சிகள்.

ஆயினும் நினைவு தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. எத்தகைய ஒத்துழைப்பைக் காக்கிறது என்பதே அதன் தரத்தை முடிவு செய்கிறது. தடைமருந்து வழக்கில் மருத்துவர் மிக்கேலே பெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்ன இத்தாலிய வீரர் பிலிப்போ சிமியோனி, 2004 டூரின் 18-ஆம் கட்டத்தில் முன்குழுவைச் சேரப் பாய்ந்தபோது, மஞ்சள் சட்டையில் இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், அவரால் தமக்குப் போட்டியில் எந்த அச்சுறுத்தலும் இல்லாதிருந்தும், பின்தொடர்ந்து சென்றார். இவ்விருவர் இருக்கும்வரை பெலட்டான் தங்களை விடாது என்றறிந்த முன்குழுவினர் வேண்டியதால் சிமியோனி பின்வாங்க நேர்ந்தது. ஆம்ஸ்ட்ராங் உதடுகளைப் பூட்டும் சைகையையும் காட்டினார். தடைமருந்து பற்றி வாய் திறவாமை என்னும் கூட்டு ஒப்பந்தத்தை மீறியவரைப் பெலட்டான் மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. மோசடி அத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு அந்த நினைவும் ஒரு முக்கியக் காரணம். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் அம்மோசடிக்காக 2012-இல் பறிக்கப்பட்டன.