முனையத் திரையில் எழுத்தின் அகலம்: ஓர் அளவை முறையின் மதிப்பீடு

1. ஆய்வுப்பொருள்

கணிப்பொறித் தமிழ் குறித்த விவாதங்களில் குறியேற்றம், விசைப்பலகை, எழுத்துரு ஆகியன பெற்ற கவனத்தை எழுத்தின் அகலத்தை அளக்கும் முறை பெற்றதில்லை. முனையத் திரை என்பது சம அகலமுள்ள கட்டங்களால் ஆனது. ஒரு சொல் எத்தனை கட்டங்களைக் கொள்ளும் என்பதை, அச்சொல் திரையில் தோன்றுமுன்பே நிரல் கணக்கிட்டாக வேண்டும். அக்கணக்குப் பிழைபட்டால் பட்டியலின் பத்திகள் கோணும். திருத்துவோர் அழிக்கக் கருதிய எழுத்து ஒன்றாகவும் அழிவது வேறொன்றாகவும் இருக்கும். மொழியியலாருக்கு இது புறப்பொருள் அன்று. தேடிய சொல்லை நடுவில் நிறுத்தி இருபுறமும் சூழலைக் காட்டும் சொல்லடைவு முழுவதும் இக்கணக்கையே சார்ந்துள்ளது. நடுச்சொல் நேர்க்கோட்டில் நில்லாதபோது சூழல்களை ஒப்பிடுதல் அரிதாகிறது. தமிழ்த் தரவை உரோமன் எழுத்தில் பெயர்த்து ஆராயும் வழக்கத்தை இந்நிலை மேலும் வலுப்படுத்துகிறது. எனவே வழக்கிலுள்ள அளவை முறையை எழுத்தியல் நோக்கில் மதிப்பிடுவது தேவையாகிறது.

2. கட்டமும் எழுத்தும்

1928இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட துளையட்டை 80 பத்திகளைக் கொண்டது. 1978இல் வெளிவந்த வி.டி.100 முனையத்திலும் ஒரு வரிக்கு 80 கட்டங்களே இயல்பான அளவாக அமைந்தன. இவற்றில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண், ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்பதே அடிப்படை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை குறியெண்களின் தொகை, எழுத்துகளின் தொகை, கட்டங்களின் தொகை ஆகிய மூன்றும் ஒன்றே. தமிழில் இவை மூன்றும் வேறு வேறு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் 3. ஒருங்குறியில் குறியெண்கள் 5. கட்டங்கள் எத்தனை என்பதே இங்கு எழும் வினா.

3. வழக்கிலுள்ள விதி

சி மொழியில் ஒரு குறியெண்ணின் அகலத்தைத் தரும் செயற்கூறு 'டபிள்யூ.சி.விட்த்' எனப்படும். இதற்கு மார்க்கஸ் கூன் எழுதிய வடிவம் பரவலாக எடுத்தாளப்பட்டது. அதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு ஒருங்குறி 5.0ஐத் தழுவியது. சீன, சப்பானிய எழுத்துகள் போன்ற அகன்ற வடிவங்களுக்கு 2 கட்டம்; ஒருங்குறி 'இடங்கொள்ளா இணைகுறி' என வகைப்படுத்தியவற்றுக்கு 0; ஏனையவற்றுள் பெரும்பாலனவற்றுக்கு 1 என்பது அதன் விதிச்சுருக்கம். சொல்லின் அகலம் இவற்றின் கூட்டுத்தொகையாகும்.

தமிழ்த் தொகுதியில் இடங்கொள்ளா இணைகுறி என வகைப்படுத்தப்பட்டவை மூன்றே: அனுசுவாரக் குறி, ஈகாரக் குறி, புள்ளி. இகரம், உகரம், ஊகாரம் உள்ளிட்ட ஏனைய உயிர்க்குறிகள் யாவும் 'இடங்கொள் இணைகுறி' வகையின. ஆதலின் அவை தலைக்கு ஒரு கட்டம் பெறுகின்றன.

4. விதியின் விளைவு

இவ்விதிப்படி 'மின்' என்னும் சொல் 3 கட்டம் பெறும். 'மீன்' என்னும் சொல் 2 கட்டமே பெறும். குறில் உடைய சொல் நெடில் உடைய சொல்லினும் அகன்றதாகிவிடுகிறது. வடிவில் இவ்விரண்டுக்கும் அத்தகைய வேறுபாடு இல்லை என்பது வெளிப்படை. 'பு' என்பதில் உகரக்குறி பகரத்தோடு ஒன்றிக் கீழ்நோக்கி இறங்குகிறது. பக்கவாட்டில் இடம் கொள்வதில்லை. எனினும் அதற்கு 2 கட்டம்.

இதனினும் கருதத்தக்கது 'கொ' என்னும் எழுத்து. ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்பது ஒருங்குறியின் கொள்கை. ஆனால் முன்னதற்கு அகலம் 2, பின்னதற்கு 3. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் எழுத்துக்கு இரண்டு அளவு தரும் கோலை அளவுகோல் எனல் பொருந்தாது.

குறை ஒருங்குறியின் வகைப்பாட்டில் மட்டும் இல்லை. கன்னடத்தில் இகரக்குறி இடங்கொள்ளாதது, ஈகாரக்குறி இடங்கொள்வது. தமிழில் இது தலைகீழ். வேறு நோக்கத்திற்காக அமைந்த வகைப்பாட்டை அகல அளவையாகக் கொண்டதே பிழையின் ஊற்று. அகன்ற வடிவங்களுக்கு அடிப்படையான ஒருங்குறியின் 11ஆம் இணைப்பறிக்கையும், தன் வகைப்பாடு உரிய மாற்றமின்றி இக்கால முனையங்களில் பயன்படுத்துவதற்கு உரியதன்று எனக் கூறுகிறது.

கூனின் நிரலில் கொரிய மொழிக்கு ஒரு தனிவிதி உண்டு. அசையின் முதல் மெய் 2 கட்டம் பெற, அதனைத் தொடரும் உயிர்க்கூறும் இறுதி மெய்க்கூறும் 0 பெறும். அசையை ஓர் அலகாகக் கொள்ளும் நெறி இதனால் ஏற்கப்பட்டதாகிறது. அந்நெறி இந்திய எழுத்துகளுக்கு நீட்டிக்கப்படவில்லை என்பதே நம் முறையீடு.

5. மாற்று வழிகள்

பைத்தான் மொழிக்குரிய அகல நூலகம் 2023இல் தமிழ் உள்ளிட்ட எழுத்துகளின் இடங்கொள் குறிகளையும் 0 ஆக்கியது. இதனால் 'மின்', 'மீன்' இரண்டும் 2 கட்டம் பெறுகின்றன. 'கொ' எவ்வாறு எழுதப்படினும் ஓர் அளவே பெறுகிறது. முரண்பாடு நீங்கியது உண்மை. ஆயினும் கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகள் வரிசையாக நிற்கும் 'கொ'வும் 'ர'வும் ஒரே கட்டத்தில் அடங்க வேண்டும் என்பது வடிவத்திற்கு ஒவ்வாது. ஒன்று நெருக்குண்டு சிதையும். அல்லது அடுத்த கட்டத்தின்மேல் ஏறும்.

எழுத்துதோறும் தனிக் குறியெண் வழங்கினால் இச்சிக்கல் தீரும் என்பாரும் உளர். தமிழக அரசு 2010இல் ஏற்ற அனைத்தெழுத்துக் குறியேற்றம் அத்தகையது. அது எழுத்தெண்ணிக்கையைச் செம்மையாக்கும், அகலத்தைத் தாராது. எழுத்தை எண்ணுதல் வேறு, அதன் அகலத்தை அளத்தல் வேறு.

6. முடிவு

தமிழ் இலக்கண மரபில் அளவை பற்றிய தெளிவு உண்டு. தொல்காப்பியம் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை எனக் கூறுகிறது. ஆயினும் 'கா' இரண்டரை மாத்திரை ஆவதில்லை. உயிர்மெய் உயிரின் அளவையே பெறும். கூட்டெழுத்தின் அளவு உறுப்புகளின் கூட்டுத்தொகை அன்று என்னும் இந்நெறி ஒலிக்குச் சொல்லப்பட்டது. எனினும் வரிவடிவத்தை அளப்போரும் இதனைக் கருதலாம்.

எனவே இரு படிகள் தேவை. முதலாவது, 29ஆம் இணைப்பறிக்கை வரையறுக்கும் எழுத்துத்தொகுதியை அளவையின் அலகாகக் கொள்ளல். அவ்வரையறை 'க்ஷ'வை இரண்டாகப் பிரிப்பதால் அதற்குத் தனிவிதி வேண்டும். இரண்டாவது, தமிழ் எழுத்துகள் 247க்கும் கிரந்த எழுத்துகளுக்கும் வடிவநோக்கில் கட்ட அட்டவணை ஒன்று வகுத்தல். 'பு'வுக்கு 1, கால் நீளும் 'நூ'வுக்கு 2, 'கொ'வுக்கு 3 என்றவாறு அது அமையலாம். அளக்கும் நிரலும் வரையும் முனையமும் அவ்வொரே அட்டவணையைப் பின்பற்றினாலன்றிப் பயன் விளையாது. முனையம் அமைப்போர் தாமாக இதனை வகுப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை. எழுத்துவடிவின் இயல்பை அறிந்த தமிழாய்வாளர்களே முன்வந்து வகுத்தளித்தல் வேண்டும்.