சோதனைக் குழாயில் தோற்ற மருந்து

புதுச் சேர்மத்தைச் செய்பவர் ஒருவர், அது நோயை வெல்கிறதா என்று பார்ப்பவர் இன்னொருவர். இந்தக் கூட்டுழைப்பின் அழகுக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் நினைப்பது புரோன்டோசிலை.

1932இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் கிளாரரும் மீட்ஷும் தயாரித்த சிவப்புச் சாயம் அது. சோதனைக் குழாயில் கிருமியை அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கெர்ஹார்ட் டோமாக், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றிய சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவை பிழைத்தன, பெறாதவை செத்தன.

காரணம் 1935இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் தெரியவந்தது. உடலே அந்த மூலக்கூறை உடைத்து, சல்ஃபானிலமைடு என்ற நிறமற்ற பகுதியை விடுவிக்கிறது. கிருமியை முடக்குவது சாயமல்ல, அந்தப் பகுதிதான்.

குழாயின் தீர்ப்போடு நிறுத்தாமல் உயிருள்ள உடலிலும் சோதித்த அந்தப் பொறுமைதான் என்னைக் கவர்கிறது. பிரசவக் காய்ச்சலிலிருந்து எத்தனையோ தாய்மார்களை மீட்டது அந்தப் பொறுமை.