கல்லில் எழுதிய அறிக்கை

தன்னால் துன்புற்ற சிந்தனையாளருக்கே பின்னாளில் நினைவுச்சின்னம் எழுப்பிய நகரங்களுள் ஜெனீவா ஒன்று. ரூசோ பிறந்த அந்நகரின் மன்றம் 1762இல் அவருடைய ‘எமீல்’, ‘சமுதாய ஒப்பந்தம்’ ஆகிய இரு நூல்களையும் எரிப்பித்தது. 1835இல் அந்நகரிலேயே அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. நூலை எரித்த நகரம் இவ்வாறு ஈடுசெய்தது. மனிதனை எரித்ததற்கு ஈடு யாது? விடை, சாம்பெல் பகுதியில் நிற்கும் ஒரு கல்லில் உள்ளது. சீர்திருத்தத்தின் வழிவந்த நாம் அதனை ஊன்றிப் படிக்கக் கடன்பட்டிருக்கிறோம்.

ஸ்பெயின் நாட்டு மருத்துவரும் சிந்தனையாளருமான மிகாயேல் செர்வேட்டஸ், இருதயத்தினின்று இரத்தம் நுரையீரல் வழியே சென்று திரும்புவதை விளக்கியவர். திரித்துவக் கோட்பாட்டை மறுத்தவர். 1553 அக்டோபர் 27ஆம் நாள் சாம்பெலில் உயிரோடு எரிக்கப்பட்டார். தீர்ப்பளித்தது நகர மன்றம். வழக்கிற்கு வித்திட்டவர் கால்வின். தீயினால் அன்றி வாளால் தண்டிக்கும்படி கால்வின் வேண்டினார் என்பதையும் நாம் மறைத்தலாகாது. ஆயினும் மரண தண்டனையை அவர் எதிர்த்தாரல்லர்.

350 ஆண்டுகள் கழித்து, 1903இல், கால்வினைப் பின்பற்றுவோரே அக்கல்லை நாட்டினர். இது பாராட்டத்தக்க செயல். தங்கள் முன்னோரின் தவற்றைக் கல்லில் பொறிப்போர் சிலரே. எனினும் அதன் வாசகத்தில் இரு குறைகளைக் காண்கிறோம். ஒரு பக்கம், செர்வேட்டஸ் தீயில் மாண்டார் என்கிறது; எரித்தவர் யாரெனக் கூறவில்லை. மறுபக்கம், கால்வினைப் போற்றி, நேர்ந்த பிழையை அவருடைய நூற்றாண்டின் பிழை என்கிறது.

நூற்றாண்டின்மீது பழி சுமத்துவது தகுமோ? முன்பு ஜெனீவாக் கல்லூரிக்குத் தலைமை வகித்த செபஸ்தியான் கஸ்டெல்லியோ, 1554இலேயே புனைபெயரில் ஒரு நூல் வெளியிட்டு, சமயக் கருத்திற்காக மனிதரைக் கொல்லுதல் ஆகாதென வாதிட்டார். அவரும் அந்நூற்றாண்டினரே. அக்காலத்தாருக்கு ஒளி இல்லாமற் போகவில்லை. ஒளியைக் காட்டினவருக்கு அவர்கள் செவிகொடுக்கவில்லை.

2011இல் அக்கல்லின் அருகே செர்வேட்டஸின் சிலையும் வைக்கப்பட்டது. சிறையில் நலிந்து அமர்ந்திருக்கும் அவ்வுருவம், கல் சொல்லாது விட்டதைச் சொல்லுகிறது.

தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரித்து, முன்னோரின் நாட்களில் இருந்திருந்தால் அவர்களுக்கு உடன்பட்டிரோம் என்பாரை ஆண்டவர் கடிந்துகொண்டதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நாமும், அதைப் பிரசங்கிக்கும் நாமும், ‘அக்காலம் அப்படி’ என்று கூறி அமைந்துவிடுகிறோம். பாவ அறிக்கையில் காலத்தின் பெயரன்று, நம் பெயரே இடம்பெற வேண்டும். நம் நாளின் கஸ்டெல்லியோ யாரென்று கேட்பதே அக்கல்லை நாம் சரிவரப் படித்ததற்கு அடையாளம்.