கம்பர் காட்டும் இரு மந்திர அவைகள்

அவையில் இடம் பெறுதல் வேறு. அவையின் முடிவைத் தம் சொல்லால் மாற்றும் ஆற்றல் பெறுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் கம்பர் யுத்த காண்டத்தின் தொடக்கப் பகுதியில் இரண்டு அவைகளை அமைத்துத் தெளிவுறுத்துகின்றார். ஒன்று, இராவணன் மந்திரப் படலத்து அவை. மற்றொன்று, வீடணன் அடைக்கலப் படலத்தில் இராமன் வினவிய அவை. முன்னதில் இடித்துரைப்பார் இலர், பின்னதில் உளர் என்று பிரித்துரைத்தல் எளிது. ஆயின், நூல் அதற்கு இடந்தரவில்லை.

இராவணன் தன் அவையைக் கூட்டும் முறை முதற்கண் நோக்கற்பாலது. முனிவரையும் தேவரையும் மகளிரையும் இளையோரையும் அவன் நீக்குகின்றான். அறிஞரையும் முதியோரையும் வருக என்கின்றான். பின்னர், கேள்வி நிரம்பியவராயினும் நண்பராயினும், மக்களும் தம்பியரும் போன்ற அணுக்கச் சுற்றத்தார் அல்லாதாரைப் புறத்தே போக்குகின்றான். வண்டும் காற்றும் புகாத அவை என்று கம்பர் கூறுவது காவலின் மிகுதியை மட்டுமன்று, வேற்றுச் சொல் நுழைய வழியின்மையையும் குறிப்பாற் புலப்படுத்துவதாகும்.

எனினும், அவ்வவையிலும் இடித்துரை எழாமல் இல்லை. வஞ்சித்துப் பெண்ணைக் கவர்தல் அஞ்சினார் செயல் எனத் தான் முன்னரே உரைத்ததையும், அது கொள்ளப்படாமையையும் படைத்தலைவன் நினைவூட்டுகின்றான். பிறன் மனைவியைச் சிறைவைத்துக்கொண்டே புகழை விரும்பும் முரண்பாட்டைக் கும்பகருணன் தமையன் முகத்துக்கெதிரே சுட்டுகின்றான். ஆயின், இவ்விருவரும் குற்றத்தை எடுத்துக்காட்டிய பின்னர்ப் போர் என்னும் முடிவிலேயே வந்து நிற்கின்றனர். கண்டிக்கும் உரிமை அவர்க்கு உண்டு. மாற்று வழி கூறும் துணிவு இல்லை. சீதையை விடுத்தலே முறை என்று கூறி அதனில் உறுதியாக நின்றவன் வீடணன் ஒருவனே.

அவ்வீடணன் சொல்லும் இலங்கையில் என்றும் செல்லாச் சொல்லாக இருந்ததன்று. சுந்தர காண்டத்துப் பிணி வீட்டு படலத்தில் அனுமனைக் கொல்லுமாறு ஆணை பிறந்தபோது, தூதரைக் கொல்லுதல் தகாது என அவன் தடுத்தான். இராவணனும் அதனை ஏற்றான். அதே தம்பி, அதே தமையன், அதே அறவுரை. பயன் மட்டும் வேறுபட்டது ஏன்? அனுமன் உயிர் பிழைத்தலால் இராவணன் இழப்பது ஒன்றுமில்லை. சீதையை விடின் தன் விழைவையே இழக்க வேண்டும். தலைவனது விருப்பத்தின் எல்லை வரை மட்டுமே செல்லும் சொல்லுரிமை, உரிமையாகாது. அவன் அளித்த இசைவேயாகும். 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் இடிக்குந் துணையாரை உடையாரை என்னாது 'ஆள்வாரை' என்றது ஈண்டு எண்ணத்தக்கது. இராவணன் உடையனாயினான், ஆண்டானல்லன்.

இனி, இராமன் அவையில் சுக்கிரீவன், சாம்பவன், நீலன் முதலியோர் வீடணனை ஏற்றல் தகாது என்றனர். அனுமன் ஒருவனே ஏற்கலாம் என்றான். இராமன் அவ்வொருவன் கருத்தையே கொண்டமையால், அங்கும் ஏனையோர் உரிமை குன்றிற்று எனின், அற்றன்று. அனுமன் இலங்கையிற் கண்டவற்றைச் சான்றாக வைத்தான். தன்னைக் கொல்லாது தடுத்தமையும், வீடணன் மனையில் கள்ளும் ஊனும் காணப்படாமையும் ஏனையோர் அறியாதன. இராமன் அதனை ஏற்றபின், வெற்றி வரினும் தோல்வி வரினும் அடைக்கலம் அளித்தலே கடன் எனத் தன் காரணத்தையும் விரித்துரைக்கின்றான். மறுத்தோர் தன்பாற் கொண்ட அன்பினால் மறுத்தனர் என்கின்றான். மறுத்தவருள் முதல்வனாகிய சுக்கிரீவனையே வீடணனை அழைத்து வருமாறு வேண்டுகின்றான். கருத்து ஏற்கப்படாதவனும் முடிவிற் பங்குடையவனாகின்றான். இலங்கையிலோ கருத்து ஏற்கப்படாத வீடணன் நாட்டையே விட்டு நீங்க நேர்ந்தது.

ஆகவே, எத்துணைப் பேர் பேசினர் என்பதோ, பெரும்பான்மை வென்றதோ என்பதோ அவையின் சிறப்பை அளக்கும் கோலாகா. தலைவன் விரும்பாத சொல்லும் முடிவைத் தொட இயலுமா, மறுக்கப்பட்டவனுக்குக் காரணம் கூறப்படுகின்றதா, மறுத்தபின் அவனுக்கு இடம் உண்டா என்னும் மூன்றுமே அளவுகோலாம்.

இவ்வளவுகோலால் இராமன் அவை உயர்ந்ததே. ஆயினும், அங்கும் ஆணை ஒருவன் கையதே என்பதை மறத்தலாகாது. இன்னொன்றும் உண்டு. இலங்கை அவையில் ஆராயப்பட்டது ஒரு பெண்ணின் விடுதலை. அவ்வாராய்ச்சி தொடங்குமுன் நீக்கப்பட்டோருள் மகளிரும் அடங்குவர். யாரைப் பற்றிய முடிவோ அவள் சிறையில் இருந்தாள். அவையைப் புகழும் திறனாய்வு, அவைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோரையும் எண்ணியே அதனை மதிப்பிடல் வேண்டும்.