சதுரானன பண்டிதர்: ஒரு பெயர், எத்தனை ஆட்கள்?

திருவொற்றியூர் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ராஜாதித்த சோழனின் படைத்தலைவன் வெள்ளங்குமரன், மலைநாட்டுக்காரர். 949-இல் தக்கோலத்தில் ராஜாதித்தன் யானை மேலேயே செத்துப்போகிறான். கூடவே சாகலையே என்று வெள்ளங்குமரன் மனம் உடைந்து, கங்கையில் முழுகி, ஒற்றியூருக்கு வந்து சதுரானன பண்டிதர் என்ற பெயரில் துறவியாகிவிடுகிறார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதை எந்த ஒரு கல்வெட்டும் முழுசாகச் சொல்லவில்லை. இரண்டு கல்வெட்டுகளை ஒட்டவைத்துக் கிடைத்த கதை இது. அந்த ஒட்டு எவ்வளவு உறுதி?

முதல் கல்வெட்டு தென்பெண்ணைக் கரையில், கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 36-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 943. ராஜாதித்தனின் படைத்தலைவரான மலைநாட்டுப் புத்தூர் வெள்ளங்குமரன் அங்கே கற்கோயில் எடுப்பித்தார். அவரைப் பற்றி அது தரும் தகவல் அவ்வளவுதான்.

இரண்டாவது நம்ம ஒற்றியூரில். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் ரெண்டே ஸ்டாப், தேரடியில் இறங்கி நடந்தால் கோயில். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20-ஆம் ஆண்டு, ஏறக்குறைய 959. சமஸ்கிருதக் கல்வெட்டு. கேரளத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கலைகளெல்லாம் கற்ற வல்லபன் என்பவர் சோழநாட்டுக்கு வந்து ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர் ஆனார், போரில் அவனோடு சாகாததற்கு வெட்கப்பட்டார், கங்கையில் நீராடினார், ஒற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று சதுரானனர் ஆனார் என்கிறது.

பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. இருவருக்கும் மலைநாடு, இருவருக்கும் ராஜாதித்தன், காலமும் இடிக்கவில்லை. "ஒருவேளை ஒரே ஆளோ?" என்று ஆய்வாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. சிக்கல், அந்தக் கேள்விக்குறி வழியில் எங்கோ உதிர்ந்துபோனதில் இருக்கிறது. ராஜாதித்தன் முகாமிட்டிருந்த திருமுனைப்பாடிப் பகுதியில், திருநாவலூர்க் கல்வெட்டுகளைப் புரட்டினால், அவனிடம் சேவகம் செய்த மலையாளிகள் இன்னும் பலர் வருகிறார்கள். அப்படியிருக்க "கேரளத்துக்காரர், ராஜாதித்தனோடு இருந்தவர்" என்பது ஒருவரை அடையாளம் காட்டப் போதுமா? பெயரும் வேறு. ஒற்றியூர்க் கல் இவரை முதலில் கல்விமானாகத்தான் காட்டுகிறது. கிராமத்தில் கோயில் கட்டியதைப் பற்றிப் பேச்சே இல்லை. இருவரையும் ஒருவராக்கும்போது அந்தப் படிப்பாளி காணாமல் போய், சேனாபதி மட்டும் மிஞ்சுகிறார்.

அடுத்த பக்கமும் பாருங்க. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் (1014–1044) ஒற்றியூர் கருவறை கருங்கல் விமானமாக மாறுகிறது. கட்டிய தச்சன் ரவி என்கிற வீரசோழத் தச்சன். கட்டச் சொன்னவர் யார்? சதுரானன பண்டிதர்! 949-இல் போர்வீரராக இருந்தவர் அப்போதும் இருந்திருந்தால் நூறு வயதை ஒட்டியிருக்க வேண்டும். விஷயம் சுலபம்: அது மடத்துத் தலைவரின் பட்டப்பெயர். ஒருவர் போனால் அடுத்தவருக்கு வரும்.

இங்கிலாந்தின் கட்டியக்காரர்களைத் தேடுகிறவர்களுக்கும் இதே தலைவலி. ஹெரால்டு என்று அழைக்கப்பட்ட அவர்கள் அரசனின் சேதியைக் கொண்டுபோவார்கள், பிரபுக்களின் கேடயச் சின்னங்களைப் பதிவார்கள். அரண்மனைக் கணக்குகளில் 'லங்காஸ்டர்', 'கிளாரென்சோ' என்று பதவிப் பெயராகவே வருவார்கள். ஐந்தாம் ஹென்றி 1415 வாக்கில் வில்லியம் புரூஜஸுக்குக் கொடுத்த 'கார்ட்டர்' பதவி இன்றைக்கும் இருக்கிறது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஆள் அறுநூறு வருஷம் சம்பளம் வாங்கினார் என்று ஆகிவிடும். அதனால் அங்கே ஒவ்வொரு வரியிலும் ஆண்டையும் இயற்பெயரையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. நம்ம ஆட்கள் ஒரு பக்கம் இரண்டு பெயரை ஒருவராக்குகிறார்கள், இன்னொரு பக்கம் ஒரு பட்டத்தை ஒரு மனிதராக்குகிறார்கள்.

என் கட்சி இது: வல்லபன்தான் முதல் சதுரானனர் என்று தெரிகிற அளவில் நிற்கலாம். அவர் வெள்ளங்குமரனாக இருக்கலாம், "இருந்தார்" என்று எழுத முடியாது.

சேனாபதிக் கதைக்குள் அமுங்கிப்போகிற இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிசாகப் படுகிறது. தக்கோலத்தில் ராஜாதித்தனைத் தோற்கடித்தது அதே மூன்றாம் கிருஷ்ணனின் படை. அதன் பிறகு தொண்டைமண்டலம் அவன் கையில். தலைவனோடு சாகாத வெட்கத்தைக் கல்லில் வெட்டிவைத்தவர், அந்தக் கல்லுக்கு ஆண்டு போட எடுத்துக்கொண்டது, தலைவனைக் கொன்ற பக்கத்து ராஜாவின் ஆட்சியாண்டை. வேறு ஆண்டு போட அன்றைக்கு ஒற்றியூரில் வழியும் இல்லை. பத்து வருஷம் கழித்தும் ராஜாதித்தன் பெயரை விடாமல், எதிரியின் கணக்கிலேயே எழுதிவைத்துவிட்டு, தன் பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தில் சுவாமிக்குச் சிறப்புப் பூஜை நடக்கப் பொன்னும் கொடுத்திருக்கிறார் மனுஷன்.