கலெக்டர் கச்சேரியிலிருந்து முகலாய வரலாறு வரை

இஸ்லாமிய வரலாற்றையும் இந்தியாவில் நடந்த இஸ்லாமிய அரசுகளின் வரலாற்றையும் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பலர் பேராசிரியர்கள் அல்லர். மாவட்டங்களில் வரி வசூலித்து, வழக்கு விசாரித்துவந்த அதிகாரிகள். ஹென்றி எலியட், வில்லியம் மியூர், ஹென்றி பெவரிட்ஜ், வில்லியம் இர்வின் ஆகிய நால்வரும் இந்த வரிசையில் முதன்மையானவர்கள். மூல ஏடுகளுக்கு எவ்வளவு உண்மையாக இருந்தார்கள், ஆட்சியின் தேவைக்கு எவ்வளவு இணங்கினார்கள் என்பதைக் கொண்டே இவர்களை மதிப்பிட வேண்டும்.

எலியட் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்தவர். 1853இல் அவர் இறந்தபின், அவர் திரட்டிய பாரசீக ஏடுகளிலிருந்து ஜான் டவ்சன் தொகுத்த எட்டுத் தொகுதிகள் 1867 முதல் 1877 வரை வெளிவந்தன. இவ்வளவு மூலங்களை ஒரே இடத்தில் காட்டிய நூல் அதற்கு முன் இல்லை. ஆனால், பழைய மன்னர்களின் கொடுமையைப் படித்தால் ஆங்கிலேய ஆட்சியின் நன்மை இந்தியர்களுக்கு விளங்கும் என்பதை எலியட் 1849லேயே தம் முன்னுரையில் வெளிப்படையாக எழுதிவிட்டார். அந்த நோக்கம் எதை எடுப்பது, எதை விடுவது என்பதையும் தீர்மானித்தது. போரும் கொலையும் முன்னுக்கு வந்தன. குடிகளின் வாழ்வும் கல்வியும் பின்னுக்குப் போயின. இத்தொகுதிகளை வரிவரியாகச் சோதித்துப் பிழை திருத்திய பெருமை ஹோடிவாலா என்ற பார்சி அறிஞருக்கு உரியது. அவருடைய திருத்தங்கள் 1939இலும் 1957இலும் இரண்டு தொகுதிகளாக வந்தன.

மியூர் வடமேற்கு மாகாணங்களின் துணைநிலை ஆளுநராக உயர்ந்தவர். நபிகளின் வாழ்க்கையை 1858 முதல் 1861 வரை நான்கு தொகுதிகளாக எழுதினார். அரபு மூலங்களை நேரடியாகப் படித்தவர்தான். ஆயினும் கிறித்தவ சமயப் பரப்பாளரின் பார்வை அந்நூலை ஆள்கிறது. 1869இல் லண்டன் போன சையது அகமது கான் அதற்கு மறுப்பு எழுதுவதற்காக அங்குள்ள நூலகங்களில் உழைத்தார். அவருடைய கட்டுரைகள் 1870இல் வெளிவந்தபோது மியூர்தான் மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்தார். ஆளுநர் எழுதிய நூலுக்கு அதே ஆட்சியில் நீதித்துறை அதிகாரியாக இருந்த ஓர் இந்திய முஸ்லிம் ஆதாரத்தோடு பதில் சொன்னது இத்துறையின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. பெவரிட்ஜ் வங்காளத்தில் நீதிபதியாக இருந்தவர். ஓய்வுக்குப் பின் ‘அக்பர்நாமா’வை மொழிபெயர்ப்பதிலேயே ஆண்டுகளைச் செலவிட்டார். அவர் மனைவி அனெட் ‘பாபர்நாமா’வைத் துருக்கி மூலத்திலிருந்தே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்த நால்வரில் என் மதிப்புக்கு மிகவும் உரியவர் இர்வின். 1840இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்து, 1863இன் கடைசியில் இந்தியா வந்தார். ஃபருக்காபாத்தில் பணியாற்றியபோது அவ்வூரை நிறுவிய பங்கஷ் நவாபுகளின் வரலாற்றில் மனம் பதிந்தது. பாரசீக ஏடுகளைத் தேடிப் பிடித்து எழுதிய அந்த வரலாற்றை வங்காள ஆசியக் கழகத்தின் இதழ் 1878, 1879 ஆண்டுகளில் வெளியிட்டது. காஜிப்பூரில் நிலவரித் தீர்வைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தார்.

அந்தப் பணி அவருக்குக் கொடுத்த கண்ணை 1903இல் வந்த முகலாயப் படை பற்றிய நூலில் பார்க்கலாம். போர்க்களத்து வீரத்தை அவர் வருணிப்பதில்லை. முகலாயப் பதவி வரிசையில் இருந்த அதிகாரியான மன்சப்தாரின் சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதில் குறைந்த மாதங்களுக்கே ஏன் கிடைத்தது, ஒரே குதிரையை இரண்டு முறை காட்டி ஏமாற்றாதிருக்க அதற்கு எப்படிச் சூடு போட்டார்கள் என்று விளக்குகிறார். பேரரசு தளர்ந்ததன் காரணங்களை இந்தக் கணக்குகளில் தேடலாம் என்பதை ஒரு தாலுகாவின் பதிவேடுகளோடு மல்லாடியவர் எளிதில் உணர்ந்திருப்பார்.

1888இல் ஓய்வு பெற்றபின் 1707 முதல் 1803 வரையிலான முகலாய வரலாற்றை எழுதத் திட்டமிட்டார். அது பாதியில் நின்றது. இடையில் வெனிஸ்காரர் மனுச்சியின் நூல் அவரை இழுத்துக்கொண்டது. ஷாஜகானின் மகன் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் இருந்த மனுச்சி பின்னர் சென்னையில் குடியேறி அங்கே மணம் முடித்தவர். நவாப் தாவூத்கானோடு சென்னைக் கோட்டை ஆளுநர் பிட் நடத்திய பேச்சுவார்த்தைக்குத் தூது போனவரும் அவரே. அவருடைய கையெழுத்துப்படியை வைத்துக் கத்ரூ என்ற ஏசுசபைப் பாதிரியார் 1705இல் தம் விருப்பப்படி ஒரு நூலை வெளியிட்டுவிட்டார். பெர்லினிலும் வெனிசிலும் கிடந்த மூலப்படிகளை ஒப்பிட்டு, விரிவான குறிப்புகளோடு 1907, 1908இல் நான்கு தொகுதிகளாக மனுச்சியின் சொந்தக் குரலை மீட்டுக் கொடுத்தவர் இர்வின். 1911இல் அவர் மறைந்தார். பாதியில் நின்ற முகலாய வரலாற்றின் கையெழுத்துப்படியைச் செம்மைப்படுத்தி, நாதிர்ஷா படையெடுப்பு வரை நிறைவுசெய்து 1922இல் வெளியிட்டவர் ஜதுநாத் சர்க்கார்.

இர்வினும் ஆட்சியின் பிள்ளைதான். ஆனால் தீர்ப்புக்கு முன் ஆதாரத்தை வைத்தார். அதனால்தான் அவர் நூல்களை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். இவர்கள் அனைவருக்கும் ஏடு தேடி, படியெடுத்து, கடினமான இடங்களுக்குப் பொருள் சொன்ன முன்ஷிகளும் மவுலவிகளும் உண்டு. அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுடைய உழைப்பையும் சேர்த்தே இந்த அறிவுத்துறையின் வரலாறு எழுதப்பட வேண்டும்.

எலியட்டைப் படிப்பவர்கள் ஹோடிவாலாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மியூரைப் படிப்பவர்கள் சையது அகமது கானையும் படியுங்கள். தமிழ் வாசகர்கள் இர்வின் பதிப்பித்த மனுச்சியிலிருந்து தொடங்கலாம். வெனிசில் தொடங்கும் அந்த வரலாறு முகலாயத் தலைநகர் வழியாக நம் சென்னைப்பட்டணத்துக்கே வந்து சேர்கிறது.